இருபத்து நாலு அங்குலம்

பள்ளிக்கூடம் என்று பெயர்தானே தவிர, அந்தக் கட்டடத்துக்குள் யாரும் ஓர் எழுத்துப் படித்தது கிடையாது. முன்பு பிஸ்கட் கம்பெனியின் கிடங்காக இருந்த இடம். முன்பக்கம் வகுப்பறை, கரும்பலகை, பெஞ்சு, கொடிக்கம்பம்வரை எல்லாம் இருக்கும். நாலடி பின்னால் போனால் வெறும் ஒட்டுப்பலகையும் துருப்பிடித்த ஆணியும். அதற்கும் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், தையலக்கா தன் மெஷினோடு மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் பதினெட்டு வருஷம் ஏற்றுமதித் துணி ஃபாக்டரியில் காலர் தைத்தவள். ஒரு நாளைக்கு நானூறு காலர். முதுகு அங்கேயே போய்விட்டது, மிச்சம்தான் இங்கே வேலைக்கு வந்தது என்பாள்.

அங்கே எடுத்த டிவி தொடர் இதுதான். ஒரு பள்ளிக்கூடம், அதில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற ஒருத்தி, யாரும் சட்டை செய்யாத ஒருத்தி, இரண்டு பேருக்கும் நடுவில் வாரத்துக்கு ஐந்து நாள் அழுகை. திரும்பிப் பார்க்கப்படுகிறவளை செட்டில் எல்லாரும் ராணி என்றே கூப்பிட்டார்கள். மற்றவளுக்குத் தடிமனாக ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டியிருந்ததால் சோடாபுட்டி. ஒரு கண்ணாடியையும் தலையில் வழிகிற அரை பாட்டில் எண்ணெயையும் கழித்துவிட்டால் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று தையலக்காவுக்குத் தெரியும். இருவரையும் உள்பாவாடையோடு நிற்கவைத்து அளவு எடுத்தவள் அவள்தானே.

அந்த அளவுகள் ஓர் அட்டையில் எழுதப்பட்டு அறைச்சுவரில் தொங்கின. ராணிக்கு நேரே, இடுப்பு இருபத்து நாலு. ஒன்றரை வருஷத்துக்கு முன், அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயசாக இருந்தபோது எடுத்தது. மேனேஜர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: முதல் நாள் தைத்த பாவாடை கடைசி நாள்வரை மாட்ட வேண்டும். ராணிக்குக் கூட்டாளியாக நடித்த ஒரு பெண்ணுக்குப் போன வருஷம் கொக்கி எட்டவில்லை. அடுத்த வாரமே கதையில் அவளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். வழியனுப்புகிற காட்சிகூட எடுக்கவில்லை. வேறு யாரோ வசனத்தில் சொன்னதோடு சரி.

அதைப் பார்த்த பிறகுதான் தையலக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். ராணி உயரமாகிக்கொண்டிருந்தாள், அதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். இடுப்பும் வளரும் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று. துணியின் உள்மடிப்பு வெளுக்காமல் கருநீலமாகவே இருக்கும்; அதனால் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைச் சலவைசோடாத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து வெளுக்கவைப்பாள். நாலாவது தடவை பிரித்தது நேற்று மாலை. மின்சாரம் போய்விட்டது, தேய்த்தாள், ஆனால் காயவைத்துப் பார்க்கவில்லை.

இன்று காலையில் ராணி உடை மாற்ற வந்தாள். கொக்கியை மாட்டினாள். ஒரு விரலை உள்ளே விட்டுக் காட்டினாள்.

"பாத்தீங்களாக்கா, எவ்ளோ லூஸுன்னு. நேத்து மூச்சப் பிடிச்சு மாட்டினேன்."

தையலக்கா வாயில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

"மூணு நாளா ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல. காலைல வெறும் தண்ணி. போன தடவையும் இப்படித்தான் பண்ணேன், டக்குனு எறங்கிடுச்சு. சோடாபுட்டிக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். அவளுக்கு அடுத்த மாசம் கண்ணாடியக் கழட்டி அழகாயிடற எபிசோடு வருதுல்ல, அவளும் ஆரம்பிச்சுட்டா."

சொல்லிவிட்டு, கம்பெனி கொடுத்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் மெஷின் மேல் வைத்து, நீங்க சாப்பிடுங்க என்று போய்விட்டாள்.

தையலக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். இத்தனை நாள் தான் செய்தது நல்லது என்று நினைத்திருந்தாள். தான் தையலைப் பிரிக்கப் பிரிக்க, பட்டினி பலிக்கிறது என்று அந்தப் பெண் நம்பியிருக்கிறாள். ஃபாக்டரியில் பெண்கள் மெஷின் மேலேயே மயங்கி விழுவதைப் பார்த்தவள்தான். அவர்கள் டப்பாவில் சோறு இருந்திருக்காது. இங்கே முட்டையைக் கையில் கொடுத்தும் அதே கதி. அதுவும் தன் கையால். உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது டைரக்டரும் மேனேஜரும் மானிட்டரில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்கள். ராணியின் பாவாடையில், இரண்டு பக்கமும், மேலிருந்து கீழே விரலகலத்துக்குக் கருநீலக் கோடு. வெறும் கண்ணுக்குத் தெரியாதது. லைட்டில் தார் பூசினதுபோல் தெரிந்தது.

மேனேஜர் திரும்பினார். "அக்கா, என்ன கோடு இது?"

"நான்தான் பிரிச்சேன் சார்."

"எப்ப?"

"நாலு தடவை. மொத்தம் ரெண்டு அங்குலம்."

பெஞ்சு ஓரமாக நின்ற ராணிக்கு அது கேட்டுவிட்டது. நன்றி சொல்வாள் என்று தையலக்கா எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்படிப் பார்ப்பாள் என்றும் எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து எதையோ திருடியவளைப் பார்க்கிற பார்வை.

"அப்ப நான் இளைக்கவே இல்லியா?"

"நீ வளர்ற, கண்ணு. எலும்பு வளருது, அத நீ பட்டினி போட்டு நிறுத்த முடியாது."

"யாரு உங்கள பிரிக்கச் சொன்னா? சொல்லியிருந்தா இன்னும் கொறச்சிருப்பேன்ல."

மேனேஜர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அட்டையில் என்ன இருக்கிறதோ அந்த அளவுக்குப் பத்து நிமிஷத்தில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். மறுபடி பிடித்தால் துணி தாங்குமா என்று டைரக்டர் கேட்டார். தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது. தையலக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஏற்கனவே மறைத்ததில் வந்த வினைதான் எதிரில் நின்றுகொண்டிருந்தது.

"துணி தாங்கும் சார். நான் தைக்க மாட்டேன்."

மேனேஜர், வேலை வேணுமா வேண்டாமா என்று தணிந்த குரலில் கேட்டார். வேண்டும் என்றாள். ஆனால் இதை மட்டும் தைக்க மாட்டேன் என்றாள்.

அதற்குள் ராணியே மேக்கப் மேசையிலிருந்து நாலு ஊக்கு எடுத்து வந்து, பாவாடையை இரண்டு பக்கமும் உள்ளே மடித்துக் குத்திக்கொண்டாள். கோடு இரண்டும் மடிப்புக்குள் போய்விட்டன. முகத்தில் ரத்தமே இல்லை. ரூஜ் பூசி அதையும் சரிசெய்தார்கள். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

காட்சியில் ராணி, மேசைமேல் ஏறி உட்கார்ந்து சோடாபுட்டிக்குப் புத்தி சொல்ல வேண்டும். எப்படி நடக்கணும், இடுப்பை எப்படி வச்சுக்கணும், எவ்வளவு சிரிக்கணும், எவன் கூப்பிட்டால் எத்தனாவது தடவை திரும்பணும். எழுதினவருக்கு ஐம்பது வயசு, மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். ராணி நடந்து வந்தாள். மேசைமேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ஓர் ஊக்கு வாய் திறந்து இடுப்பில் ஏறியது. கத்தவில்லை. வசனத்தில் பாதியை மென்று விழுங்கினாள், சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

கட் சொன்ன உடனே, உடையைச் சரிசெய்ய உள்ளே போகிற உரிமை செட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. தையலக்கா போனாள். ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, நாலு ஊக்கையும் ஒவ்வொன்றாக உருவித் தன் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். கழுத்தில் கிடந்த டேப்பை அந்த இடுப்பைச் சுற்றிப் போட்டாள். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, காதில் விழுகிறமாதிரிச் சொன்னாள்.

"இருபத்தாறு சார். துணி வாங்கிக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள புதுசு தச்சுடறேன். அதுவரைக்கும் இடுப்புக்கு மேல எடுங்க."

டைரக்டர் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் தோளைக் குலுக்கினார். எடுக்கலாமே, அதற்கென்ன என்றார். அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக ஒரு பிள்ளையை வாட்டின விஷயம், கேமராவை ஒரு முழம் மேலே தூக்கினதில் தீர்ந்துபோனது. தையலக்காவுக்கு அதில்தான் ஆத்திரம் தலைக்கேறியது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. எல்லாரும் அடுத்த ஷாட்டுக்கு லைட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் வசனம் முடிந்தது. கேமரா சட்டகத்துக்குக் கீழே ராணி இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, மேலே இடுப்பழகைப் பற்றிப் பேசி முடித்தாள். டைரக்டர் சபாஷ் என்றார்.

மூன்று மணிக்குத் துணி வந்தது. துணியோடு மேனேஜரின் சீட்டும் வந்தது: இடுப்பு இருபத்து நாலு. இந்த மாசம் முடிந்ததும் தையலக்காவோடு பேச வேண்டியிருக்கும் என்று துணி கொண்டுவந்த ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார். தையலக்கா சீட்டில் இருந்த அளவை அடித்துவிட்டு இருபத்தாறு என்று எழுதினாள். சுவர் அட்டையிலும் எழுதினாள். தலை நிமிர்ந்தபோது ராணி வாசலில் நின்றிருந்தாள், காலையிலிருந்து பேசாதவள்.

"இருபத்தஞ்சு போடுங்க."

"இருபத்தாறு."

"அட்டையிலயாவது இருபத்தஞ்சரைன்னு எழுதுங்கக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"உங்களுக்கென்ன. நீங்க இங்க ரூமுக்குள்ள இருக்கீங்க."

தையலக்கா மெஷின் பக்கம் திரும்பினாள். ரொட்டியும் முட்டையும் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தன; முட்டையைச் சுற்றி எறும்பு வந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு, தன் டப்பாவைத் திறந்து மெஷின் ஓரமாக நகர்த்தி வைத்தாள். ராணி அதைப் பார்க்காததுபோல் நின்றாள். போகவும் இல்லை.

தையலக்கா துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். பிறகு கோட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும் சேர்த்து நாலு அங்குலம் தாராளமாக விட்டு வெட்டினாள்.

"எதுக்குக்கா அவ்ளோ உள்ள விடறீங்க?"

"பிரிக்கறதுக்குத்தான். அடுத்த தடவ உன் கண்ணு முன்னாடியே பிரிப்பேன்."