அரைப் பங்குக்காரிகள்

குடிசைகள் எரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெருங்குடிப் பக்கம் இடம் தருகிறோம், கிளம்புங்கள் என்று வந்த சர்க்கார் ஆட்களிடம், "அங்க கட்டுமரத்த எங்க வுடறது, ஏரியிலயா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது அடையாற்று முகத்துவாரத்துக் குப்பம். எரிந்த இடத்திலேயே தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொள்வதென்று முடிவாயிற்று. பொருள் தந்தது மயிலாப்பூர்த் தர்ம சங்கம் ஒன்று. யோசனையெல்லாம் குப்பத்தினுடையது. கடல் காற்று புகுந்து புறப்பட எதிரெதிர் ஜன்னல், கருவாடு காயவைக்க மொட்டைமாடி, சுவருக்கு ஆற்றுக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு. சங்கம் அனுப்பிய இன்ஜினீயர் பாண்டுரங்கன், அவர்கள் மணலில் கோடிழுத்துக் காட்டியதைத்தான் காகிதத்தில் வரைந்தார்.

எல்லாம் சரிதான். கைம்பெண் லூர்துமேரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

குப்பத்தில் எது வந்தாலும் பங்கு. கடலுக்குப் போகும் ஆம்பளைக்கு முழுப் பங்கு, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அரை. வீட்டுக்கும் அதுதான் என்றார் குப்பத்துத் தலைவர் பக்கிரி நாட்டார். இரண்டு கைம்பெண்களுக்கு ஒரு வீடு! லூர்துமேரியோடு யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? தேசம்மாவை. லஸ் முனையில் மீன் கூடை வைக்கும் இடத்துக்காகச் சண்டை போட்டு, நாலு வருஷமாக முகங்கொடுத்துப் பேசாதவளை.

"மூணு பொட்டப் புள்ளைங்கள இஸ்துக்கினு அரை வூட்ல எப்டி நைனா இருக்கறது?" என்று நாட்டாரிடம் போய் அழுதாள் லூர்துமேரி.

"நானா வச்சேன், மேரி? வயக்கம்" என்று கையை விரித்துவிட்டார்.

வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அரைப் பங்குக்காரிக்குப் பொதுவேலையும் அரை நாள்தான். ஆனால் பத்துக் கைம்பெண்களில் ஒருத்தியாவது அதைப் பார்த்தாளா? பொழுது சாயும்வரை கல் சுமந்தார்கள். பாவம், நல்ல ஜன்மங்கள்.

முதன்முதலில் கூரைத் தளம் போட்டது நாட்டார் வீட்டுக்கு. தலைவர் வீடு முந்தாமல் இருக்குமா? "ஆரம்பிச்சா நிறுத்தப்படாது. நடுவுல நின்னா ஆயுசுக்கும் ஒழுகும்" என்று பாண்டுரங்கன் எச்சரித்திருந்தார். ஆண்கள் கலவை போட, பத்துப் பெண்களும் சட்டி சட்டியாக ஏணியேறிக் கொட்டினார்கள்.

பாதித் தளம் முடிந்தபோது உச்சி வெயில். லூர்துமேரி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூவரச நிழலில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாமே குந்திட்ட?" என்றார் நாட்டார்.

"அரைப் பங்குக்கு அரை நாளு. வயக்கம் நைனா."

நாட்டார் சிரித்தார். தேசம்மா விறுவிறுவென்று வந்தாள். மானத்தை வாங்கத்தான் வருகிறாள் என்று நினைத்தாள் லூர்துமேரி. தேசம்மா சட்டியை டமாரென்று போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பத்துப் பேரும்.

ஆண்கள் சட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். கடலையே கலக்குகிறவர்களுக்குத் தலையில் சட்டி நிற்கவில்லை. ஏணிக்குப் போய்ச் சேர்ந்த கலவையைவிட முதுகில் வழிந்ததுதான் அதிகம்.

"அரை மணியில இறுகிடும். அப்புறம் என்னைக் கேக்கப்படாது" என்றார் பாண்டுரங்கன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

நாட்டார் தன் பாதித் தளத்தைப் பார்த்தார். பத்துப் பெண்களையும் பார்த்தார். "சர்தான், ஏந்துருங்கமே! பத்து பேருக்கும் முழுப் பங்கு!"

"வயக்கத்த மாத்த பஞ்சாயத்து கூடணுமே" என்றாள் லூர்துமேரி, அசையாமல்.

"அதான் அல்லாரும் நிக்கறமே! யாருக்குடா ஆட்சேபணை?"

முதுகில் கலவையோடு நின்றவர்கள் சட்டிகளைப் பெண்கள் பக்கம் தள்ளிவைத்தார்கள்.

"தெற்கு வரிசையில இன்னும் அஞ்சு வீட்டுக்கு இடமிருக்கு. சங்கத்துல நான் பேசிக்கறேன்" என்றார் பாண்டுரங்கன்.

முழு வீடு! லூர்துமேரிக்கு உட்கார்ந்த இடத்திலேயே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தேசம்மா கையை நீட்டினாள்.

"ஏந்துரு, கலவை காயுது. ஆனா இப்பவே சொல்லிட்டேன், உன் வூட்டுக்கும் என் வூட்டுக்கும் நடுவுல நாலு வூடாச்சும் இருக்கணும்."

லூர்துமேரி அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு போதும்டி" என்றாள்.