தகடு கழன்ற கார்

பொன்னையா முதலாளியின் காருக்கு முன் பம்பருக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்தது நான். தரைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிதான். வேகமாகப் போகும்போது காற்று அதை அழுத்தி, முன் டயர்களை ரோட்டோடு பிடித்து வைக்கும். பின்னால் இருந்த பெரிய இறக்கை பின் டயர்களுக்கு அதே வேலையைச் செய்தது. இரண்டும் சேர்ந்தால்தான் கார் சொன்ன பேச்சுக் கேட்கும்.

வட்டகொடைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மலையேற்ற ரேஸ். காலையில் பூசை. காரின் மூக்குக்கு நேராகத் தேங்காய் உடைத்தார்கள். சிரட்டையைப் பொறுக்காமலே, எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை எடுக்கச் சொன்னார் முதலாளி. ஓட்டுகிற அவர் மகன் விஜிதரன் எடுத்தான். சிரட்டை அடியில் சிக்கித் தகடு படாரென்று பிளந்தது.

"பிளாஸ்டிக் துண்டுதானே, கழட்டி வீசு," என்றார் முதலாளி.

"அப்ப பின் இறக்கையையும் கழட்டணுங்க. அது மட்டும் அழுத்தினா முன்பக்கம் லேசாயிரும். கோயில் வளைவுல கார் திரும்பாதுங்க."

"என் கடைப் பேர் எழுதின இறக்கைய கழட்டவா?"

தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு விஜிதரன் பக்கத்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "நல்லாத்தானே திரும்புது?"

"மெதுவாப் போனா திரும்பும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட அழுத்தம் நாலு மடங்கு. அப்பத்தான் தெரியும்."

"பூசை போட்ட வண்டிக்கு அபசகுனமாப் பேசாத," என்றார் முதலாளி. "லயத்துப் புள்ள கம்பஸ் போய் இஞ்சினியரிங் படிச்சா வாய்தான் நீளும் போல."

ரேஸ் நடத்துகிறவர்களிடம் ஓடினேன். "முதலாளி ஒண்ணும் சொல்லலையே," என்றார்கள்.

கோயில் வளைவுக்கு ஓடினேன். வளைவின் வெளிப்பக்கத் தேயிலை மேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க நின்றது, நடுவில் என் அம்மா காளியாயி. கார் திரும்பாவிட்டால் நேரே அவர்கள் மேல்தான்.

"மேல ஏறுங்க! கார் இங்கதான் வரும்!"

"ரோட்ட விட்டுட்டு இங்க எதுக்கு வருது, கொழுந்து பறிக்கவா?" என்றார் வீரய்யா மாமா. ஒரே சிரிப்பு.

கீழே இஞ்சின் சத்தம் கேட்டுவிட்டது.

"குளவி! குளவி கலைஞ்சிருச்சு!" என்று அலறினேன்.

குளவி கொட்டிச் செத்தவர்களைச் சுமந்த சனம் அது. சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே தெறித்து ஓடியது.

"எங்கடி குளவி?" என்று அம்மா திரும்பிக் கத்தும்போதே கார் வந்தது. விஜிதரன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் திரும்பவில்லை. அவர்கள் நின்றிருந்த இடத்துத் தேயிலைச் செடிகளை வாரிக்கொண்டு போய் நின்றது. அவனுக்குக் கை பிசகியதோடு சரி. இறக்கைக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மூச்சிரைக்க வந்த முதலாளி மகனைத் தடவிப் பார்த்தார். "பூசை போட்டதாலதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. சாமி காப்பாத்திருச்சு. மத்தியான ஓட்டத்துக்கு வேற டிரைவரப் பாப்போம்."

எனக்கு உச்சந்தலை எரிந்தது.

"சாமிய ஏங்க இழுக்குறீங்க? தேங்காய ஓரமா ஒடைச்சிருந்தா சாமியா கோவிச்சிருக்கும்? காலையிலயே சொன்னேனே, தமிழ்லதானே சொன்னேன்!"

காருக்குள் கிடந்த ஸ்பேனரை எடுத்து இறக்கையின் முதல் நட்டைத் திருகினேன்.

"ஏய், கைய எடு!"

அம்மா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். பின்னாலேயே வீரய்யா மாமாவும் மற்றவர்களும்.

"ஒவ்வொரு தடவையும் குளவி வராது மொதலாளி," என்றாள் அம்மா. "புள்ள கழட்டட்டும்."