சுவருக்குப் பின்னால் ஓடிய ஓடை

பெஹாரே கேனைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் நான்கு விரல் உயரம்கூடத் தண்ணீர் இல்லை. காலையில் கழுத்துவரை நிறைந்திருந்த கேன். இறந்துபோன மாமனார் நஸிஃபின் உடலைக் குளிப்பாட்டுவதற்கென்று, யாரும் தொடக் கூடாதென்று துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"அத்தை, இதுல இருந்த தண்ணி எங்க?"

அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்த ஸெனெபே, இறந்தவரின் தங்கை, தலை நிமிரவில்லை. "துக்கம் கேக்க வந்தவனுக்குக் காப்பி குடுக்காம அனுப்பச் சொல்றியா? எங்க அண்ணன் வீட்டுலயா? அறுபது பேருடி. காப்பி, கூட ஒரு கிளாஸ் தண்ணி. கப்பு கழுவ வேணாமா?"

அந்த மலையூரில் சாவு வீட்டுக் காப்பி நின்றால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிற்காது. அத்தை மேலும் குற்றமில்லை.

பள்ளத்திலிருக்கும் மோட்டார் ஓடினால்தான் ஊருக்குத் தண்ணீர் ஏறும். மழை பொய்த்து, ஊருக்குக் கரண்ட் தரும் அணை வற்றியதில், கரண்ட் போய் மூன்று நாளாகிறது. டவுனிலிருந்து தண்ணீர் லாரி நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீடுகளில் கேட்டதற்கு ஒன்றரை பாட்டில் கிடைத்தது. அடக்கமோ மாலைத் தொழுகைக்கு முன்னால்.

இத்தனைக்கும் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, ஆள் புகும் அகலத்துக்கு இரும்புக் குழாய் போகிறது. மலை ஊற்றிலிருந்து வற்றாமல் வரும் ஊர் ஓடை முழுக்க அதற்குள்தான். கீழே ஒரு தனியார் மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. அந்தக் கரண்டும் இந்த ஊருக்கில்லை, வேறெங்கோ போகிறது. குழாய்க்குக் காவல் இருப்பவன் பெஹாரேயின் கணவன் காமில். அவன் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருஷமாக நஸிஃப் மகன் கையால் காப்பி வாங்கிக் குடித்ததில்லை. மருமகள் கொடுத்தால் குடிப்பார். அந்தச் சம்பளத்தில்தான் பேத்தி டவுனில் நர்ஸுக்குப் படிக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதேயில்லை.

பெஹாரே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்கள் இருந்த கூடத்துக்குள் போனாள். பெண்கள் போகாத இடம். பேச்சு நின்றது. காமில் வழக்கப்படி வாசல் ஓரம் நின்று, வருகிறவர்கள் கையைப் பற்றிக்கொண்டிருந்தான். மூத்த மகன் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

"தண்ணி தீந்துபோச்சு" என்றாள்.

அவன் முகம் கறுத்தது. குழாயின் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டால் கீழே மின் நிலையம் நிற்கும். சாயங்காலத்துக்குள் வேலை போகும். அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் தொழுகை நடத்தும் ஹோஜா தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர். அவனைக் காப்பாற்றத்தான் சொன்னார்: "கவலப்படாத காமில். தண்ணி இல்லாத எடத்துல சுத்தமான மண்ணத் தொட்டுத் தடவினாப் போதும். மார்க்கத்துலயே எடமிருக்கு."

காமில் தலையாட்டப் போனான்.

"தண்ணி இல்லாத எடமா இது, ஹோஜா?" என்றாள் பெஹாரே. குரலை உயர்த்தவில்லை.

பின்சுவருக்கு அப்பால் குழாய் இரைவது கேட்டது. மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சத்தம்.

ஹோஜா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். காமில் வாசலை விட்டு நகர்ந்தான். ஒருவரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரும்பில் இரும்பு உரசியது. பிறகு, வறண்ட கற்கள் மேல் தண்ணீர் விழுந்து ஓடியது. கையில் காப்பியோடு இருந்தவர்கள் உறிஞ்சாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெஹாரே பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றி வெதுவெதுப்பாகச் சுடவைத்துக் கொடுத்தாள். மூடிய கதவுக்குள் ஹோஜா சொல்லச் சொல்ல மகன் ஊற்றினான். வலப்பக்கம் மூன்று முறை, இடப்பக்கம் மூன்று முறை. தண்ணீர் விழும் சத்தத்தை மட்டும் அவள் வெளியே நின்று கேட்டாள். நடுவில் ஒரு முறை அது நெடுநேரம் நின்றுபோய், மறுபடி தொடங்கியது.

காமில் திரும்பி வந்து வாசலில் தன் இடத்தில் நின்றான். கீழே பள்ளத்தில் நின்றுபோன மின் நிலையத்திலிருந்து, காவல்காரனைக் கூப்பிட்டுச் சங்கு ஊதத் தொடங்கியது. அவன் கால்சட்டை முழங்கால்வரை நனைந்து, காலடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக வாசற்படிக்கு இறங்கியது.

அடுத்துத் துக்கம் கேட்க வந்த கிழவர் அதைப் பார்த்தார். மிதித்துவிடாமல் காலை எட்டி வைத்து உள்ளே வந்து, அவன் கையைப் பற்றினார்.