மஞ்சக்குட்டைப் பெட்டி

எங்கள் குடும்பம் ஒளித்து வைக்கும் குடும்பம். அடுத்தவர் ஒளித்ததைத் தேடிப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. முழங்காலில் மண் ஒட்டக் குனிந்து, பாறைக்கு அடியில் கையை விட்டு, யாரோ வைத்த தகர டப்பாவைத் துழாவுவது மஞ்சக்குட்டை ஐயாக்கண்ணுக் கவுண்டர் செய்கிற வேலை அல்ல என்று சங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சங்கம் என்றால் டப்பா தேடும் சங்கம். இங்கே எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் தன் ஊர் விளையாட்டு என்று சொல்லி ஏற்காட்டில் தொடங்கி வைத்தது. ஒருவர் மலையில் எங்காவது ஒரு டப்பாவை ஒளிப்பார். எந்த இடத்தில் நிற்க வேண்டும், காம்பஸில் எத்தனை டிகிரி பார்த்து எத்தனை அடி நடக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, ஏரிக்கரை வாசகசாலையின் பலகையில் குத்தி வைப்பார். தேடிப் பிடித்தவர் டப்பாவுக்குள் இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, உள்ளே கிடக்கும் பாசிமணியோ பொத்தானோ ஒன்றை எடுத்துக்கொண்டு, ஈடாக வேறொன்றைப் போட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்தபடி வைக்க வேண்டும்.

துரை வகுத்த அளவுகள் மூன்று. சிறியது சிகரெட் டின், நடுத்தரம் ஹார்லிக்ஸ் பாட்டில், பெரியது பிஸ்கட் டின். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றே ஒன்று உண்டு. ராணுவத்தில் தோட்டா வைக்கிற பச்சை இரும்புப் பெட்டி. துரை கப்பலேறும்போது அந்தப் பெட்டியையும் தன் பித்தளைக் காம்பஸையும் என் கையில் கொடுத்தார். யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கே அடுத்து அதை ஒளிக்கும் உரிமை. கொடுத்த நாளிலிருந்து பெட்டி எங்களிடமே இருந்தது. அதை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைவிட ஒரு குடும்பத்துக்கு வேறு என்ன பெயர் வேண்டும்?

அப்படித்தான் நினைத்திருந்தேன், லாசர் சங்கத்தில் சேரும் வரை.

லாசர் கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் காலத்தில்தான் அடிவாரத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அவர் ஒளித்த டப்பாக்களைத் தேட ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஒரு கூட்டமே போகும். இரும்புக் கேட்டின் குழாய்க்குள் ஒன்று. பட்டுப்போன சில்வர் ஓக் மரத்தின் பொந்தில், மரப்பட்டையையே மூடியாக ஒட்டி ஒன்று. கண்டுபிடித்தவர்கள் வாசகசாலைக்கு வந்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு கதை சொல்வார்கள். அவருடைய டப்பாவில் பெயர் எழுதும் தாளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. என் பெட்டியில் துரை வைத்த தாள் வெள்ளையாகவே இருந்தது. பலகையில் என் சீட்டு பழுத்துப் போய்க் கிடந்தது. அதன் எதிரே ஒருவரும் நிற்பதில்லை. அவருடைய சீட்டின் முன்னே தலைகள் முட்டிக்கொள்ளும்.

அந்த வருடம் கோடை விழாவுக்கு முன் நடந்த கூட்டத்தில் லாசர் எழுந்தார்.

"பிலிம் ரோல் டப்பாவையும் ஒரு அளவாச் சேத்துக்கலாமுங்க. மூடியப் போட்டா ஒரு சொட்டு மழைத்தண்ணி உள்ள போகாதுங்க."

"டப்பான்னா கையில புடிச்சா டப்பான்னு தெரியோணும்," என்றேன். "மூக்குப்பொடி டப்பியக் காட்டியும் சிறுசா இருந்தா அதுக்குப் பேரு டப்பாவாங்க ரைட்டரே?"

"பெருசு வேணும்னாத்தான் கவுண்டரு பெட்டி இருக்குதுங்களே. நம்ம முனியப்பன் அதுல காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

தபாலாபீஸ் முனியப்பன் குள்ளமான ஆள். வாய் மட்டும் நீளம். "படுக்கலாமுங்க. மொதல்ல பெட்டி கெடைக்கோணுமில்லீங்க!"

கூரை அதிரச் சிரித்தார்கள். செயலாளர் தேவகுமாரி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"கவுண்டருங்க தப்பா நினைக்கக் கூடாது," என்றார். "இத்தன வருசமா ஒருத்தருக்கும் கெடைக்கலீங்க. சீட்டுல இருக்கற எடத்துல பெட்டி இருக்குதான்னே சில பேருக்குச் சந்தேகம். இந்தக் கோடை விழாவுக்குள்ள கெடைக்கலைன்னா, அத வேற யாராச்சும் புதுசா ஒளிக்கட்டுமே?"

நான் எழுந்து மேஜையருகே போனேன். துரையின் காம்பஸை மடியிலிருந்து எடுத்துத் திறந்து மேஜைமேல் வைத்தேன். "இதுல பாத்து எழுதுன சீட்டு அது. எங்க குடும்பத்துக் கையெழுத்து பொய் சொல்லாது. விழாவுக்குள்ள எவன் கண்டுபுடிச்சாலும் பெட்டிய என்ற தலையில சொமந்து வந்து அவன் காலடியில வெக்கறேன். கெடைக்கலைன்னா சங்கம் சொல்றபடி ஆவட்டும்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். லாசர் மட்டும் காம்பஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜையை ஒட்டி நின்றபோதும், பேசி முடித்து நகர்ந்தபோதும், கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. பித்தளை மேல் ஆசைப்படுகிறான் மனிதன் என்று எண்ணி, உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தேன்.

மறுநாளிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஜீப்பிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் காப்பிக் களத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப்பாறை தெரியும். என் சீட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொருவரும் பாறைமேல் ஏறி, காம்பஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நேராகக் கீழே ஓடைக்கரை உண்ணிப்புதருக்குள் இறங்கிப் போவார்கள். டார்ச், இடுக்குக்குள் பார்க்கச் சின்னக் கண்ணாடி, இழுத்து எடுக்க வளைத்த குடைக்கம்பி, பேனா மை ஊறிவிடும் என்று பென்சில், அட்டை கடிக்காமல் தடவச் சோப்பு என்று பை நிறையச் சாமான் கொண்டுவந்தார்கள். என் பெட்டியோ மேலே, பலாமரத்தடியில், கற்பலகைகளுக்கு இடையில் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நானே போய்த் துடைத்து, மூடியின் விளிம்பில் மெழுகு தடவி வைப்பேன். விதி மீறி மண்ணைத் தோண்டவில்லை. சாமி மரத்தடியில் வைக்கவில்லை. இன்னொருவர் டப்பா கூப்பிடு தூரத்தில் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தும் இவர்களுக்கு நேராக நடக்கத் தெரியவில்லையே என்று களத்தில் நின்று ரசித்தேன்.

முனியப்பன் காலெல்லாம் அட்டைக்கடியோடு களத்துக்கு வந்து தண்ணீர் கேட்டான். என் சம்சாரம் பாவாயி சொம்பைக் கொடுத்தாள். அவள் கையில், வளையலுக்குப் பக்கத்தில், நீலப் பாசிமணி ஒன்று நூலில் கட்டியிருந்தது.

"அது ஏது?" என்றேன், முனியப்பன் போன பிறகு.

"ரைட்டரு டப்பாவுல இருந்துச்சுங்க."

"எந்த ரைட்டரு?"

"எத்தன ரைட்டரு இருக்கறாங்க? பக்கத்தூட்டு மாதம்மாளோட சந்தைக்குப் போறப்ப, கொட்டச்சேட்டு வளைவுல, கேட்டுக் குழாய்க்குள்ள தேடுனமுங்க. கொண்டை ஊசியப் போட்டுட்டு இத எடுத்தேன். நொம்ப ஜோரா ஒளிச்சிருக்கறாருங்க!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கையை உட்டா உள்ளார பல்லி மாதிரி ஒண்ணு. பயந்துபோயிக் கத்திட்டனுங்க. பாத்தா ரப்பரு!"

என் பெட்டியைப் பற்றி அவள் ஒரு நாளும் இப்படிச் சிரித்துப் பேசியதில்லை. அது இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு முறைகூட வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை.

"ஐயாக்கண்ணுக் கவுண்டன் பொண்டாட்டி ரோட்டோரக் கேட்டுல கையை உடறதா?"

"ஏனுங்க, கை என்னுதுதானுங்களே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விழாவுக்கு முந்தின வாரம் லாசரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. மழை, காப்பி விலை என்று சுற்றி வளைத்துவிட்டு, என் இடுப்பைப் பார்த்தார்.

"கவுண்டருங்க அந்தக் கொடுவாள ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா? காலையில வாங்கிட்டுப் பொழுதோட கொண்டாந்துருவேன்."

எங்கள் பாட்டன் காலத்துக் கொடுவாள் அது. இடுப்புவாரில் வலப்பக்கம் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேன். அது இல்லாமல் நான் வீட்டுப் படி தாண்டியதில்லை.

"ஊட்டு ஆளு கையத் தவிர இது வேற கையில போறதில்லீங்க," என்றேன்.

"சரிங்க. என்னா எடை இருக்குமுங்க?"

"எதுக்கு?"

"சும்மாத்தானுங்க," என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். பாவாயி அவருக்கு வாசல்வரை போய் வழிசொல்லி அனுப்பினாள். வந்த வழி அவருக்குத் தெரியாதா?

இரண்டு நாள் கழித்து வெள்ளைப்பாறைமேல் லாசர் தனியாக நிற்பதைக் களத்திலிருந்து பார்த்தேன். பேன்ட் போட்ட மனிதர், அதன்மேல் பெல்ட்டில் ஒரு கொடுவாளைச் செருகியிருந்தார். என்னைப் போலவே வலப்பக்கம். என்னைப் போலவே முதுகை நிமிர்த்தி நின்றார். என்னை நையாண்டி செய்கிறார் என்று ரத்தம் கொதித்தது. கரடுமேல் ஏறிப் போய் அவர் எதிரே நின்றேன்.

"ரைட்டரே, இது என்ன வேசம்?"

"வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் கிட்டக்க எழுத்துத் தெரியாதில்லீங்க? காம்பஸத் தள்ளித்தான புடிப்பீங்க?"

"வயசானா எல்லாத்துக்கும் அப்படித்தான். கீழ, இடுப்புக்கிட்ட வெச்சாத்தான் எழுத்துத் தெளியும்."

"அதத்தான் நெனச்சேன்."

அவர் தன் காம்பஸை முதலில் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். என் சீட்டில் எழுதிய நூற்றுப்பத்து டிகிரி, ஓடைப்புதரைக் காட்டியது. பிறகு மெல்ல இடுப்புக்கு இறக்கினார். கொடுவாளின் பக்கம் வர வர, முள் நாய்க்குட்டி போல அந்த இரும்பை நோக்கித் திரும்பியது. திரும்பிய முள்ளை வைத்து நூற்றுப்பத்து டிகிரியைப் பார்த்தால், கோடு நேராக மேலே பலாமரத்துக்குப் போயிற்று.

நான் குனிந்து என் கொடுவாளைப் பார்த்தேன்.

"கூட்டத்துல நீங்க மேசைய ஒட்டி நின்னப்ப முள்ளு உங்க பக்கமாச் சாஞ்சுதுங்க. தள்ளிப் போனப்ப வடக்கப் பாத்து நின்னுது. அன்னைக்கே சந்தேகம்," என்றபடி அவர் அடி எண்ணி நடந்தார். நான் பின்னால் போனேன். பலாமரத்தடியில் குனிந்து, கற்பலகைகளை ஒவ்வொன்றாகப் பதமாக எடுத்து வைத்து, பச்சைப் பெட்டியை இழுத்தார். மெழுகு உடைந்து மூடி திறந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளைத் தாளில் முதல் பெயராக லாசர் என்று எழுதினார். அவருடைய கையெழுத்து வேறு அச்சடித்தது போல அழகு.

"கவுண்டருங்க," என்றார், பெட்டியை மூடியபடி. "கொடுவாள் சமாச்சாரம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். தேடுனேன், கெடச்சுதுன்னு மட்டும் சொல்லிக்கறேன். இத்தன வருசம் கெடைக்காம இருந்தது உங்க சாமர்த்தியமாவே இருக்கட்டும்."

அவர் கண்டுபிடித்ததைக்கூட விழுங்கிக்கொண்டிருப்பேன். என் மானத்தை எனக்கே தானமாகக் கொடுக்க வந்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்ல மனசு என்று ஊர் அவரைச் சொல்வது போதாதா? அந்த நல்ல மனசு என்னிடமும் ஒரு பங்கு வசூலிக்க வேண்டுமா?

"பெட்டிய எடுங்க," என்றேன். "என்ற தலையில வெய்ங்க."

மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வந்து, ஏரிக்கரையில் இறங்கி, எல்லோரும் பார்க்கத் தலைச்சுமையாக வாசகசாலைக்குள் நுழைந்தேன். பெட்டியை லாசரின் காலடியில் இறக்கினேன். கைதட்டினார்கள், எனக்கல்ல. பலகையிடம் போய் என் பழுத்த சீட்டை எடுத்தேன். டீச்சரிடம் பென்சில் வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தேன். பிறகு அதை உரக்கப் படித்தேன்.

"தேவையான சாமான்: டார்ச், கண்ணாடி, குடைக்கம்பி. இடுப்பில் வலப்பக்கம் ஒரு கொடுவாள். அதன் பக்கத்தில் காம்பஸைப் பிடித்துப் பார்க்கவும்."

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. லாசர் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் முனியப்பனுக்குத்தான் விளங்கியது.

"அப்படீன்னா நாங்க ஓடைக்குள்ள அட்டைக்கெல்லாம் ரத்தம் குடுத்தது?"

"கொடுவாளில்லாம மலையேறுனது உன்ற தப்பு," என்றேன். "சீட்டு என்னுது. கொடுவாளும் என்னுது. முள்ளு திரும்புனதும் எங்கொடுவாளுக்குத்தான். வேற யாரும் எனக்காக அத மறைக்க வேண்டியதில்ல."

டீச்சர் வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டார். நான் நிமிர்ந்தபடியே வெளியே வந்தேன்.

கோடை விழா அன்று பெட்டிக்கு லாசரின் புதுச் சீட்டு பலகையில் ஏறியது. கொட்டச்சேட்டு ரோட்டில் ஒரு மைல்கல்லிலிருந்து தொடங்கியது. பலகை முன்னே அத்தனை தலைகள். அவர்களுக்கு மேலாக எட்டி நின்று, நானும் அதை மனப்பாடம் செய்தேன்.

மறுநாள் விடிந்ததும் பாவாயியைக் கூட்டிக்கொண்டு கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறினேன். அவளுடைய துணிப்பையில் டார்ச்சும், அவள் முகம் பார்க்கும் கண்ணாடியும், எங்கள் பழைய குடையிலிருந்து பிடுங்கிய கம்பியும், ஒரு துண்டுச் சோப்பும் இருந்தன. எதற்கென்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

மைல்கல்லருகே நின்று காம்பஸைத் திறந்தேன். எழுத்துத் தெளிய இடுப்புக்குத்தான் இறக்க வேண்டியிருந்தது. முள் கொடுவாளைப் பார்த்துச் சாய்ந்தது.

இடுப்புவாரை அவிழ்த்துக் கொடுவாளை எடுத்தேன். அவளும் வீட்டு ஆள்தானே. அவள் கையில் கொடுத்தேன்.

"அக்கட்டால போ."

போனாள்.

"இன்னும் தள்ளிப் போ."

"ஏனுங்க, இப்படியே போனா ஊட்டுக்கே போயிருவேன்!"

முள் ஆடி ஆடி நின்றது. கீழே வளைவில் ஒரு ஜீப் இரைத்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அதில் முனியப்பன் குரலும் இருந்தது.

"இத இப்படி மரத்துல சாத்தி வெக்கட்டுங்களா?" என்று கத்தினாள் பாவாயி.

"கீழ வெக்காத! கையிலயே இருக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு, அடி எண்ணிக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் குனிந்து நுழைந்தேன்.