இடது காலுக்கு ஒரு தகரம்

போன வருடம் பிரேமிளாவின் வலது கால் ஊர் மானத்தைக் கப்பலேற்றியது. மகளிர் விளையாட்டு விழாவில் மாதர் சங்கத்துப் பெண்கள் ஒரே நிறச் சேலையும் தொப்பியுமாக அணிநடை போனபோது, எல்லோரும் இடது காலை வைக்க, மூன்றாவது வரிசையில் இவள் மட்டும் வலதை வைத்தாள். திருத்தப்போய்த் துள்ளினாள். பின்னால் வந்தவளும் துள்ளினாள். மேடைக்கு முன்னால் வருவதற்குள் முழு அணியுமே சுடுமணலில் நடப்பதுபோலத் துள்ளிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவானோ அதைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டுவிட, முல்லைத்தீவிலிருந்து கட்டார்வரை சிரித்தார்கள். கட்டாரில் சிரித்தவன் வேறு யாருமில்லை, அங்கே வேலைக்குப் போயிருக்கிற அவளுடைய சொந்தத் தம்பி.

"இந்த முறை நான் வரிசையில நிக்க மாட்டன்" என்று இந்த வருடச் சங்கக் கூட்டத்தில் அவள் சொன்னாள். தலைவி இராசேஸ்வரி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. 'இல்லை, நில்' என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாமே!

அந்த வீம்பில்தான் அடுத்ததும் வாயில் வந்தது.

"ஆனா மேளம் நான் தாறன்."

மற்றச் சங்கங்களுக்கு எப்படியோ பாண்ட் வாத்தியம் கிடைத்துவிடும். இவர்களுக்கு வாய்த்தது இராசேஸ்வரியின் விசில் ஒன்றுதான். விசிலுக்கு இடம் ஏது, வலம் ஏது?

"மேளமோ? எங்கையிருந்து?"

"என்ர கீபோர்ட்டிலயிருந்து, அக்கா."

"பிறந்தநாள் பாட்டு அடிக்கிற அந்த விளையாட்டுச் சாமானிலயோ?"

"ஓம், அதிலதான்."

விளையாட்டுச் சாமான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? தம்பி அனுப்பிய மிடி கீபோர்ட் அது. தனியே வைத்து அழுத்தினால் ஊமை. மடிக்கணினியோடு பொருத்திவிட்டால் ஒரு கட்டை பெரிய மேளம், பக்கத்துக் கட்டை சின்ன மேளம், அதற்கடுத்தது சிம்பல் என்று ஒரு பாண்ட் குழுவே விரலுக்குள் வந்துவிடும். அதை வைத்துத்தான் பிரேமிளா சுற்றுவட்டாரத்துப் பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீடியோக்களுக்கெல்லாம் இசை சேர்த்துக் கொடுத்துவந்தாள்.

முதலில் அவசரப் புத்தி. இரண்டு கையாலும் எல்லா மேளத்தையும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தாள். கேட்டால், சின்ன மேளத்தின் படபடப்பில் பெரிய மேளம் அமுங்கிக் கிடந்தது. பெரியதைக் கூட்டப் போனால் எல்லாமே சேர்ந்து கூடின. கொதித்த குழம்பிலிருந்து புளியை மட்டும் எடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பெரிய மேளத்தை மட்டும் ஒரு தடவை வாசித்துத் தனியாகப் பதிந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே சின்ன மேளம், பிறகு சிம்பல். கணினித் திரையில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, தனியாகக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி. இடது காலுக்கு விரலை ஓங்கி வைத்தாள், வலது காலுக்குச் சற்று மெதுவாக. எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுந்தால் நெல்லுக் குத்துகிற மெஷின்போல் இருக்கும், நடக்கிற மனுசருக்குச் சரிவராது.

"விடிஞ்சா பொழுதுபட்டா ஆரோ கதவு தட்டுற மாதிரிக் கிடக்கு" என்று கணவன் நிரஞ்சன் முணுமுணுத்தான். முணுமுணுத்தபடியே அவன் கால் தாளம் போட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

ஒத்திகையில் பொதுநோக்கு மண்டபத்துப் பெரிய பொக்ஸ் ஸ்பீக்கரில் போட்டபோது 'தொம்' என்ற அடி நிலத்தோடு வந்து உள்ளங்காலில் ஏறியது. பெண்களின் கால்கள் தாமாகவே சேர்ந்தன. இராசேஸ்வரி விசிலை வாயிலிருந்து எடுத்து, "பரவாயில்லை" என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு சொல் வருவது மாலை போடுவதற்குச் சமம். மூன்றாவது வரிசையில் பிரேமிளாவின் இடத்துக்கு ஆள் போடச் சொல்லி யாரோ கேட்டார்கள். "அது கிடக்கட்டும்" என்று தலைவி முடித்துவிட்டாள். ஆள் கிடைக்கவில்லையாக்கும் என்று பிரேமிளா நினைத்துக்கொண்டாள்.

விழா தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில். காலை வெயிலிலேயே சனம் நிறைந்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரன் கோகுலன் சுற்றிவர வேப்பமரங்களில் வாய் அகன்ற குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டியிருந்தான். அவனுடைய மேசையில் மடிக்கணினியைப் பொருத்தி, மெல்ல ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தாள் பிரேமிளா.

சிம்பல் சீறியது. சின்ன மேளம் கடகடத்தது. பெரிய மேளத்தைக் காணவில்லை.

பிறந்ததிலிருந்து கோயில் திருவிழாவையும் செத்தவீட்டையும் குழாய் ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்தவள். அந்த இரும்பு வாயில் அடித்தொண்டைச் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மண்டபத்துப் பொக்ஸின் மயக்கத்தில் மறந்து தொலைத்துவிட்டாள்.

மலையகத்திலிருந்து வந்து ஊரில் குடியேறிய ராக்காயி அத்தை வரிசையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன புள்ள, பெரிய மேளம் எங்க போயிடுச்சு? எதைக் கேட்டு இடது கால வைக்கிறது?"

பின்னாலேயே இராசேஸ்வரியும் வந்தாள். முகம் கறுத்திருந்தது. "பிரேமிளா, விசிலையே ஊதட்டோ?"

"கொஞ்சம் பொறுங்கோ, அக்கா."

இன்னும் இரண்டு அணிதான் இவர்களுக்கு முன்னால். மறுபடி துள்ளினால் இந்த ஊரில் தலை காட்ட முடியாது. குழாய் வாயால் போகக்கூடிய சத்தம் எது? வயல் தாண்டி, குளம் தாண்டிக் கேட்கிற சத்தம் எது? பக்கத்தில் நின்ற ராக்காயியைப் பார்த்ததும் பொறி தட்டியது. யானை வயலுக்குள் இறங்கினால் விரட்டுவதற்கு ராக்காயி அத்தை அடிக்கிற எண்ணெய்த் தகரம்! அதை ஒருநாள் பகிடிக்குப் போனில் பதிந்து மடிக்கணினியில் போட்டுவைத்திருந்தாள்.

பெரிய மேளத்தின் அடிகள் தனி வரிசையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்த வரிசைக்கு அப்படியே ஒரு பிரதி எடுத்து, அதன் சத்தத்தை மட்டும் தகரத்துக்கு மாற்றினாள். சிம்பலை முற்றாக மூடினாள். சின்ன மேளத்தைப் பாதியாகக் குறைத்தாள். கேட்டுப் பார்க்க நேரமில்லை. அறிவிப்பாளர் சங்கத்தின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

டங்!

"அடியாத்தி, ஏந் தகரம்!" என்று ராக்காயி கத்தினாள். கத்தும்போதே இடது கால் இறங்கிவிட்டது. அவளுக்கு மட்டுமா? அந்தத் தகரம் கேட்டால் சோறு குழைத்த கையோடு எழும்பி ஓடிப் பழகிய பெண்கள் அத்தனை பேருக்கும் இறங்கியது.

"யானை வருது, ஓடுங்கோ!" என்று கூட்டத்தில் ஒருவன் கூவ, மைதானமே சிரித்தது. தொலைந்தோம் என்று பிரேமிளா கண்ணை மூடித் திறந்தாள். கால்களைப் பார்த்தாள். டங், இடம். டங், இடம். ஒரு கால்கூடப் பிசகவில்லை. சிரித்த சனம் மெல்லக் கை தட்டத் தொடங்கியது, அதுவும் தகரத்தின் அடிக்கே. மேடையைக் கடக்கும்போது இராசேஸ்வரி மரியாதைக்குத் தலையைத் திருப்பிய திருப்பைப் பார்த்து, நடுவராக வந்திருந்த அம்மையார் எழும்பியே நின்றுவிட்டார்.

முதலிடம்! பிரேமிளா வெட்கத்தை விட்டு அழுதாள்.

அதோடு முடியவில்லை. நிறைவு அணிநடையில் வென்றவர்கள் முன்னே போக, எல்லாச் சங்கங்களும் பின்னால் வரவேண்டும். "அந்தத் தகர மேளத்தையே போடுங்கோ" என்றார் அறிவிப்பாளர். பாண்ட் கொண்டுவந்தவர்களும் மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரிசைக்கு வந்தார்கள்.

இராசேஸ்வரி மேசைக்கு வந்தாள். "மூண்டாவது வரிசையில ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு."

"ஆள் கிடைக்கேல்லையோ, அக்கா?"

"ஆள் தேடினாத்தானே? அது உன்ர இடமெண்டுதான் விட்டுவைச்சனான். வா."

பிரேமிளா மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வந்தா இதை ஆர் அடிக்கிறது?"

"அது தானா அடிக்கும்னு ஒத்திகையில நீதானே புள்ள சொன்ன!" என்றாள் கூடவே வந்த ராக்காயி.

உண்மைதானே! திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து அழுத்திவிட்டு, தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். டங் என்றது தகரம். அவளுடைய இடது கால் எல்லோருடைய இடது காலோடும் மண்ணில் இறங்கியது.

வேலியோரம் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். போன வருடமும் அவனேதானோ என்னவோ!

"வடிவா எடுங்கோ அண்ணை!" என்று பிரேமிளா நடந்தபடியே கத்தினாள். "காலையும் சேர்த்து எடுங்கோ! கட்டாருக்கு அனுப்ப வேணும்!"