டிரில் பீரியடு

செண்பகவல்லி அம்மன் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும், பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது, கோவில்பட்டியில் இறுதியாட்டம், நான் அடித்த அடியில் எழும்பிய ஹாக்கிப் பந்து, கோல்கீப்பர் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்க்கிறான், நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே நிற்கிறார், ஏலே பந்து எங்கல என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, எட்டயபுரம் தாண்டியிருக்கும் அண்ணாச்சி என்கிறார் பக்கத்தில் இருந்தவர், அது இறங்குவதற்குள் எனக்குக் கல்யாணமாகி, முட்டி தேய்ந்து, ஆட்டம் போய், விளையாட்டு வாத்தியார் வேலை கிடைத்து, அதே விசிலோடு ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கிறேன், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு, பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் டிரில் அது ஒன்றுதான், அதையும் கணக்கு வாத்தியார் தனுஷ்கோடி கேட்டு வாங்கிக்கொள்வார், கேட்டு என்பது மரியாதைக்கு, சாக்பீசோடு உள்ளே போய்ப் பாதிப் பலகை எழுதிய பிறகுதான் கேட்பார், சார், போர்ஷன் முடியல, நீங்க சும்மாதான இருக்கீய. சும்மா. உடைமரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, தீயில் வாட்டி, அதையே மட்டையாகப் பிடித்து ஆடியவனைப் பார்த்துச் சும்மா, வந்த ஆத்திரத்தில் ஒருநாள் ஊதினேன், விசிலுக்குள் கிடந்த பட்டாணி வெந்துவிட்டது, தமிழம்மா தின்று பார்த்து உப்பு போதாது என்றார்.

இன்றைக்கு விடுவதாக இல்லை, நாளை மாவட்ட ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், சங்கரேஸ்வரி ஒருத்திதான் போகிறாள், ஒருநாள்கூட ஓடிப் பழகாத பிள்ளை, சார் இன்னைக்காவது விடுவாகளா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், மட்டையோடு வகுப்புக்குள் நுழைகிறேன், எந்திரிங்கல எல்லாரும், தனுஷ்கோடி திரும்புகிறார், சார், தேற்றம் பாதியில நிக்கி, மார்க் வராட்டி பிள்ளைகளப் பெத்தவுக என்னையத்தான் கேப்பாக, ஓய், ஆடத் தெரியாட்டி என்னைய ஒருத்தனும் கேக்க மாட்டான், அதான்வேய் எனக்கு எரியுது, என்று நான் கத்தியதில் பலகையிலிருந்த முக்கோணம் நழுவித் தரையில் விழுந்தது, பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள், தனுஷ்கோடியைப் பிடரியில் தள்ளிக்கொண்டு போய் கோல்கீப்பராக நிறுத்தினேன், சார் எனக்கு மூச்சு வாங்குது, நில்லும்வேய், சும்மாதான நிக்கீரு, சங்கரேஸ்வரி ஓடி வருகிறாள், என் மட்டை அவள் கையில், அடிக்கிறாள், பந்து அவர் காதை உரசி எழும்பிப் போகிறது, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தீப்பெட்டி ஆபீஸ் புகைக்கு மேலே, அங்கே அத்தனை வருஷமாக இறங்காமல் கிடந்த என் பந்தில் போய் டக்கென்று மோதுகிறது, இரண்டில் எது அவளுடையது, எது என்னுடையது என்று தெரியாமல் ஒன்று மட்டும் கீழே வருகிறது, நாங்கள் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறோம், தனுஷ்கோடியும்தான்.

நான் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை எங்கள் பள்ளிக்கு மைதானம் கிடையாது.