ஏலத்தில் விட்ட பாட்டு

கிறிஸ்துமஸ் ஆராதனையில் கொயர் பாடகர்கள் எழுந்து நின்று முதல் அடியைப் பாடியதுமே ரத்தினபாய் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். வார்த்தைகள் என்னவோ பெத்லகேமும் பாலன் இயேசுவும்தான். ராகம்? அது அவள் புருஷன் எட்மண்டின் பிராந்தி ராகம்.

பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆண்கள் பக்கம் அவனுடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

பல்லாவரம் தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற மனிதனுக்கு அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டின் மேல் எங்கிருந்துதான் அந்தப் பித்தோ! பர்மா பஜாரில் வாங்கிய ஒரே ஒரு கேசட். அட்டையில் தாடிக்காரர்கள் பிடிலும் கையுமாகச் சிரிப்பார்கள். வேலையிலிருந்து வந்ததும் அதைப் போடுவான், பாட்டிலைத் திறப்பான். ஒரு பக்கம் முடியும்போது கிளாஸ் காலி. திருப்பிப் போட்டால் மறுபடி நிறையும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் அப்புறம் பாட்டிலைத் தொடவில்லை. கேசட்டையும் கேட்கவில்லை. அவன் மறுபடி போட்டுக் கேட்பதற்குள் அதைத் தொலைத்துவிடத் துடித்தாள் ரத்தினபாய். தூக்கியெறியக் கை வரவில்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. இதே தாம்பரம் சபையில், விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் வைத்துவிட்டு வந்தாள். கர்த்தருக்குக் கொடுத்தது வீடு திரும்பாது என்று நினைத்தாள், பைத்தியக்காரி. ஏலம் எடுத்தவர் கொயர் மாஸ்டர் ஜீவரத்தினம். அதில் ஒரு பாட்டின் மெட்டு பிடித்துப்போய் அதற்குத் தமிழில் கிறிஸ்துமஸ் பாட்டே எழுதிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இரண்டாவது சரணத்தில் சபையே கைதட்டியது. பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தன. என்ன இழவு மெட்டு இது, கேட்டவர் காலெல்லாம் ஆடுகிறதே! அவளுடைய வலது காலே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதை இடது காலால் மிதித்தாள். நிமிர்ந்தபோது எட்மண்ட் எழுந்துவிட்டிருந்தான். பக்கக் கதவு வழியாக விறுவிறுவென்று வெளியே போனான்.

முக்காடு நழுவ ஓடினாள். வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். கண்ணெல்லாம் ஈரம்.

"என்னங்க, வீட்டுக்குப் போயிரலாம், வாங்க."

"கேசட்ட ஏலத்துல வச்சது நீதான?"

அவள் நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"இத்தன வருஷத்துல, குடிக்காம இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல ரத்னா. இவ்ளோ நல்லாவா இருந்திச்சு?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதானே பயம்.

"சும்மா கேட்டா மட்டும் போதுங்களா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியலம்மா." நிஜமாகவே தெரியாதவன் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது மெட்டை முனகத் தொடங்கினான். தமிழ் வார்த்தை இல்லை, தாடிக்காரர்களின் வார்த்தைகள். இடப்பக்கம் திரும்பினால் வீட்டுத் தெரு. நேரே போனால் பிராந்திக் கடை. திருப்பத்தில் நின்றுவிட்டான். பாட்டின் கடைசி அடி இன்னும் பாக்கி இருந்தது. ரத்தினபாய் சைக்கிள் கேரியரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.